நூறு முழக் கயிறு

அந்தப் பங்குனியில் சேரிக் குட்டை வற்றிப்போனது. காத்தாயியின் மகள் காய்ச்சலில் தண்ணீர் கேட்டு முனகிக் கிடந்தாள். குடத்தோடு வந்த காத்தாயியை மிராசுதார் வைத்திலிங்கம் மறித்தார்.

"என் கிணத்துக்கு நூறு முழத்துக்குள்ள உங்க ஆளுங்க கால் பட்டா, காலை ஒடிப்பேன்!"

"சரிங்க ஆண்டை. எல்லையை அளந்து காட்டிடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஆளை ஏவினார். அவன் கிணற்றடியில் முளையடித்துக் கயிற்றைக் கட்டி, சேரிப் பக்கம் மட்டும் கோடு கிழித்தான்.

"கிணத்துக்கு ஒரு பக்கம்தானா, ஆண்டை? கயிறு சுத்தி வரட்டும்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை. கயிறு சுற்றி வந்தபோது நெற்களமும் மாட்டுத்தொழுவமும் வட்டத்துக்குள் விழுந்தன. அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் சேரி ஆட்கள்.

"வெளிய வந்துடுங்கண்ணே, ஆண்டை காலை ஒடிச்சிடுவாரு!" என்று காத்தாயி கூவினாள்.

அவர்கள் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார்கள். பாதி அடித்த நெல்லில் குருவிகள் இறங்கின. கறக்காத மாடுகள் கத்தின. உச்சிவேளை தாண்டித்தான் மிராசுதார் வாய் திறந்தார்.

"அள்ளிக்கிட்டுத் தொலைங்கடி."

காத்தாயி நிறைகுடத்தோடு ஓடினாள். மகளுக்கு முதல் வாய் இறங்கியது; இரண்டாவது வாய் கடைவாயில் வழிந்துவிட்டது. மீதித் தண்ணீரைச் சேரியின் மற்றப் பிள்ளைகள் குடித்தார்கள்.