சிங்கமுகம் வரும் சாயங்காலம்

"தாயே, இன்னிக்கு எதைப் பார்க்கட்டும்?" என்று கேட்டாள் சௌந்தரவல்லி.

அமிர்தம்மை மடத்துத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்னென்ன இருக்கு?"

"அம்மன் கோயில் கலை விழா தாயே. மூணு நாளும் எல்லாம் ஒரே நேரத்துல ஆரம்பிக்குது. குளத்தங்கரையில பொம்மலாட்டம். மண்டபத்துல பரதம். தேரடியில வில்லுப்பாட்டு. சந்நிதித் தெருவுல பொய்க்கால் குதிரை. ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணு போயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்நேரம் பார்த்து, தெற்கே மந்தைவெளியில் யாரோ மத்தளத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

சௌந்தரவல்லியின் விரலில் உருண்டுகொண்டிருந்த ஜபமாலை நின்றது.

அமிர்தம்மை சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். பிறகு மாலையைப் பார்த்தாள்.

"பொம்மலாட்டம் பாருங்கம்மா" என்றாள்.

அமிர்தம்மைக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. சௌந்தரவல்லிக்கு அந்த வயதில் ஒரு மகளே இருந்தாள். ஆனாலும் இவள் அவளைத் தாயே என்பாள். அவள் இவளை அம்மா என்பாள். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இவர்களில் யார் குரு என்று புரியக் கொஞ்ச நேரமாகும்.

மறுநாள்.

"பொம்மலாட்டம் எப்படி?"

"நல்லா இருந்துச்சு தாயே."

"என்ன கதை?"

சௌந்தரவல்லி யோசித்தாள். "ஒரு ராஜா வந்தார்."

"எல்லாக் கதையிலயும் வருவார்."

சௌந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன் தாயே. நான் ஒண்ணும் பார்க்கல. முன் வரிசையில உட்கார்ந்து மத்தளச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"பொம்மலாட்டத்துல மத்தளமா?"

"மந்தைவெளி மத்தளம். நேத்து உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன். அங்க கூத்து நடக்குது. இரணியன் கூத்து. என் மகன் கோதண்டம்தான் இரணியன்."

"நல்ல வேஷமாச்சே."

"மூணாம் நாள் தூண் பிளக்கும் தாயே."

அமிர்தம்மை ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். சௌந்தரவல்லி அதைக் குடித்துவிட்டு மெல்ல மெல்லச் சொன்னாள்.

அந்த ஊரில் சிங்கமுகம் என்பது வெறும் வேஷச் சாமான் இல்லை. வருஷம் முழுக்க அம்மன் சந்நிதியில் வைத்துப் பூசை செய்வார்கள். அதைக் கட்டுகிற முனிரத்தினம் விரதம் இருந்துதான் தொடுவார். அந்தி மசங்கும்போது அதை முகத்தில் மாட்டிக்கொண்டு காகிதத் தூணைக் கிழித்து வெளியே வந்தாரென்றால் அவர் அவராக இருப்பதில்லை. கையில் இரும்பு நகம் வேறு. அதனால் அவர் இடுப்பில் வேட்டியை முறுக்கிக் கட்டி, பின்னால் இரண்டு ஆட்கள் இழுத்துப் பிடித்திருப்பார்கள். போன வருஷம் அந்த வேட்டி நழுவிவிட்டது.

"நான் ஊர்ல இல்ல தாயே. பெரிய மக வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பார்க்கிறேன், அவன் வயித்துல அஞ்சு கோடு. ஏர் ஓட்டின மாதிரி. மஞ்சள் அரைச்சுப் போட்டுப் போட்டு என் கையெல்லாம் மஞ்சளாப் போச்சு. இந்த வேஷம் வேணாம்டா, வேற கேட்டு வாங்குன்னேன். சிரிக்கிறான். எல்லாரும் சாமி வேஷமே கேட்டா யாரும்மா சாகறதுங்கிறான்."

அமிர்தம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அவன் சிரிக்கலாம். நீங்களும் சிரிங்க. எனக்குச் சிரிப்பு வரல."

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. சிங்கத்தின் நகம் இரணியன் வயிற்றில் படும்வரைக்கும் அவன் வீட்டார் யாராவது அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும். கூத்து அந்த இடத்திலேயே நிற்கும். சிங்கமுகம் பெட்டிக்குள் போய்விடும். உயிர்ப்பயம் கண்ட வீட்டுக்கு ஊர் திறந்து வைத்த கதவு அது. ஆனால் அப்படிக் கூப்பிடப்பட்டவன் அந்த மந்தைவெளியில் மறுபடி வேஷம் கட்டக் கூடாது. ஆயுசுக்கும் கூடாது.

"அதனாலதான் அவனே சொல்லிட்டான். வந்தா வாயைத் திறக்காம நிக்கணும், உன்னால முடியாதும்மா, நீ வராதேன்னு. அவன் சொல்றது நிஜம். போனேன்னா கூப்பிட்டுடுவேன். என் வாய் எனக்குத் தெரியாதா? கூப்பிட்டா அவன் அப்புறம் என் முகத்துல முழிக்க மாட்டான். கூப்பிடாம இருந்து ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, நான் எந்த முகத்தோட சாமி முன்னால நிப்பேன்? அந்த நேரத்துல நான் எங்க போய் உட்காரட்டும், அதைச் சொல்லுங்க. மத்தளம் காதுல விழாத ஆட்டமா ஒண்ணைச் சொல்லுங்க."

அமிர்தம்மை செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"வில்லுப்பாட்டு. நல்லா சத்தமா இருக்கும்."

சௌந்தரவல்லி போனாள். அன்றைக்குப் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாள்.

"அங்க என்னம்மா?"

"பாட்டுக்காரர், அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டுக்கேட்டு நிறுத்தறார். பின்பாட்டுக்காரங்க ஆமா ஆமாங்கிறாங்க. அந்த நிறுத்தத்துல எல்லாம் மத்தளம் கேட்குது தாயே. ஊர்ல அவ்வளவு கலை இருக்கு, ஒரு கலைகூட என்னை மறைச்சு வைக்க மாட்டேங்குது."

அமிர்தம்மை விளக்கில் எண்ணெய் விட்டாள்.

"நாளைக்கு நானும் வரேன்."

மூன்றாம் நாள். வெயில் தாழ்ந்து, வீட்டுக் கூரைகள் மட்டும் மஞ்சளாக இருந்த நேரம்.

மடத்து வாசலில் அமிர்தம்மை ஒரு துண்டை மடித்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள். பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். கையை நீட்டினாள்.

"என்ன தாயே இது?"

"எதைப் பார்க்கணும்னு நீங்கதானே திண்டாடறீங்க? கூட்டிட்டுப் போங்க. எங்க போனாலும் வரேன். நீங்க பார்க்கிறதை எனக்குச் சொல்லணும். பார்க்கிறதை மட்டும்."

சௌந்தரவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வளையல் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தாயே, கண்ணாமூச்சியா?"

"ஆமாங்க. ஒளியறது இவங்க."

சௌந்தரவல்லி விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். அங்கே கூட்டம். ஓரமாக நின்றார்கள்.

"என்ன பார்க்கிறீங்க?"

"ஒரு பொண்ணு ஆடுது தாயே."

"அப்புறம்?"

"காலெல்லாம் ரத்தம்."

"ரத்தமா?"

சௌந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "இல்ல. சிவப்புச் சாயம் தடவியிருக்கு."

"அதைச் சொல்லுங்க."

அங்கே அவளால் நிற்க முடியவில்லை. சந்நிதித் தெருவுக்கு இழுத்துப்போனாள். பொய்க்கால் குதிரைக்காரன் கட்டைக் காலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இங்க?"

"அவன் விழுந்துடுவான் தாயே."

"விழுந்துட்டானா?"

"இல்ல."

"என்ன பண்றான்?"

"சுத்தறான். சிரிச்சுக்கிட்டே சுத்தறான்."

அப்போது தெற்கே மத்தளம் நின்றது.

இத்தனை நேரம் அது காதில் விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு அது நின்றதும் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். மத்தளம் நின்றால் சிங்கமுகம் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது என்று அர்த்தம். தெருவில் பேச்சுக் குறைந்தது. பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் அமிர்தம்மை.



சௌந்தரவல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நடந்தாள். பிறகு ஓடினாள்.

"மெதுவாம்மா! எனக்குக் கண்ணு தெரியல. கால் இடறுது."

"அவுத்துப் போடுங்க தாயே அதை!"

"மாட்டேன்."

மந்தைவெளியில் ஊரே நின்றது. வெளிச்சம் போயும் போகாமலும் இருந்தது. யாரோ அவளைப் பார்த்துவிட்டு, "இரணியன் அம்மா வந்துட்டாங்க" என்றார்கள். கூட்டம் பிளந்து வழி விட்டது. மத்தளக்காரர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை இல்லை, வாயைப் பார்த்தார். எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்தார்கள்.

ஆட்டக்களத்தில் கோதண்டம் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியுமாக நின்றான். ஒரு கையில் கதாயுதம். "எங்கே உன் அரி?" என்று முழங்கிக்கொண்டே திரும்பியவன், அம்மாவைப் பார்த்தான். அரைக்கணம் குரல் அறுந்தது. பிறகு இன்னும் உரக்கக் கேட்டான்.

"இந்தத் தூணில் இருக்கிறானோ?"

கதையால் அடித்தான்.

காகிதம் கிழிந்தது. கூட்டம் ஓவென்று அலறியது. சிங்கமுகம் வெளியே வந்தது.

சௌந்தரவல்லி கண்ணை இறுக்கி மூடினாள். வாய் தானாகத் திறந்தது.

"என்ன பார்க்கிறீங்கம்மா?" காதோரம் அமிர்தம்மையின் குரல்.

"கொன்னுடுவான் தாயே."

"அதையா பார்த்தீங்க?"

"என்னால முடியாது. நான் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடணும்னா கூப்பிடுங்க. உங்க பிள்ளை. நடக்கப் போறது எனக்கும் தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்துட்டுக் கூப்பிடுங்க."

திறந்தாள்.

"சொல்லுங்க."

"சிங்கம் வருது."

"ம்."

"ரெண்டு பேர் வேட்டியைப் பிடிச்சிருக்காங்க. அவங்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வருது. மண்ணுல குதிகால் உழுது. ஐயோ, ஒருத்தன் விழுந்துட்டான். தாயே, ஒரு ஆள்தான் இருக்கான், ஒரே ஒருத்தன்."

"உங்க மகன்?"

"நிக்கிறான். முட்டி நடுங்குது. அது வேஷ நடுக்கம் இல்ல தாயே. எனக்குத் தெரியும். சின்னதுல ஜுரம் வந்தா இப்படித்தான் நடுங்குவான்."

"ஓடறானா?"

"ஓடல. கதையைக் கீழ வெச்சுட்டான்."

அமிர்தம்மையின் கை சில்லிட்டிருந்தது. அதை அப்போதுதான் சௌந்தரவல்லி கவனித்தாள்.

சிங்கம் பாய்ந்தது. கோதண்டத்தைப் பிடித்தது. வாசற்படிபோல் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து அவனைத் தூக்கி மடியில் குறுக்கே கிடத்தியது. கிரீடம் உருண்டது. வலக்கை மேலே போனது. அந்த இருட்டிலும் இரும்பு நகம் மினுங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள்.

அந்த வெளிச்சத்தில் சௌந்தரவல்லி இன்னொரு கையைப் பார்த்தாள்.

இடக்கை. அதிலும் நகம் இருந்தது. ஆனால் நகமெல்லாம் வெளிப்பக்கமாகத் திருப்பியிருந்தது. உள்ளங்கை கோதண்டத்தின் பிடரிக்கு அடியில் இருந்தது. தலை பலகையில் இடித்துவிடாமல், பின்னுக்குத் தொங்கிவிடாமல், விரலை அகட்டி ஏந்தியிருந்தது. கோதண்டம் கழுத்தைத் தளர விட்டிருந்தான். முழுப் பாரத்தையும் அந்தக் கையிலேயே விட்டிருந்தான்.

அவளுக்கு அந்தப் பிடி தெரியும். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைப் பிள்ளையை மல்லாத்திப் போட்டு, தலை நிற்காத கழுத்துக்குக் கீழே இடது கையைக் கொடுத்து, மறு கையில் வெந்நீர்ச் செம்பைத் தூக்குவார்களே, அந்தப் பிடி.

பிள்ளை வீறிட்டு அழும். ஊற்றுகிற கை நிற்காது. ஏந்துகிற கையும் நகராது.

உயர்ந்த கை இறங்கத் தொடங்கியது. மத்தளக்காரரின் விரல் மத்தளத் தோலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. கூட்டம் முழுக்க அவள் வாயையே பார்த்தது.

"அம்மா, ஏன் பேச்சையே காணோம்?" அமிர்தம்மை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன நடக்குது அங்க?"

சௌந்தரவல்லி வாயைத் திறந்தாள்.

"குளிப்பாட்டறாங்க தாயே" என்றாள்.