பதினேழாவது பெயர்

"இந்தப் பள்ளிக்கூடத்துல ஒழுங்குங்கிறதே இல்லை, டீச்சர்."

மாசிலாமணி வாத்தியார் இதைத் தலைமையாசிரியையின் அறையில் நின்றுகொண்டு சொன்னார். மாற்றலாகி வந்து அன்றைக்கு மூன்றாம் நாள்.

தலைமையாசிரியை ஜெயசீலி ஏதோ ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு.

என்ன பார்த்தீர்கள் என்று ஜெயசீலி கேட்டார்.

மாசிலாமணி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஒன்பதுக்கு மணி அடிக்கிறது. ஒன்பதே காலுக்கும் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கையெல்லாம் ஈரம், மேலெல்லாம் மல்லிகை வாசம். யாரிடமும் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஏன் லேட் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"ஆனா வந்துடுறாங்கல்ல சார்," என்றார் ஜெயசீலி.

மாசிலாமணி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். அவரைக் குடைந்துகொண்டிருந்ததும் அதுதான்.

வேலம்பாறை மல்லிகை விளையும் ஊர். விடியும் முன்னே மொட்டுப் பறிக்க இறங்கவேண்டும். ஒன்பது மணிக்கு வண்டி வந்து பூவை அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போய்விடும். அதைத் தவறவிட்டால் அன்றைய பூ குப்பைக்குத்தான். அப்படிப்பட்ட ஊரில், போன வருஷத்து எட்டாம் வகுப்பு ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார் மாசிலாமணி. வருஷம் முழுக்க ஓர் ஆப்சென்ட் இல்லை.

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. பழைய பள்ளியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே வராந்தா காலியாகிவிடும். அங்கேயே தினமும் நாலைந்து பேர் வரமாட்டார்கள்.

பொய்யாக எழுதியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் ரெஜிஸ்டர் சகிக்க முடியாத அழுக்கு. ஒரு பக்கத்தில் சேறு. ஒரு பக்கத்தில் வாழைக்கறை. ஒரு பக்கம் மழையில் நனைந்து மை பரவியிருந்தது. பொய் எழுதுகிறவன் அதையாவது சுத்தமாக எழுதுவான்.

"எப்படி டீச்சர் இது? எனக்கும் சொல்லிக் கொடுங்க," என்றார். தன்னைவிடச் சின்னவரிடம் இப்படிக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜெயசீலி புது ரெஜிஸ்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எட்டாம் வகுப்புக்கு இனிமே நீங்க அட்டெண்டன்ஸ் எடுங்க சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒழுங்கு விஷயத்தை என்ன செய்வது என்று கேட்டார். அதையும் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்றார் ஜெயசீலி.

மறுநாள் காலை ஒன்பது மணி அடித்ததும் மாசிலாமணி வாசல் கேட்டைச் சாத்தி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதே காலுக்கு மூன்று பேர் ஓடி வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். பையன்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். அந்தப் பெண் மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பெயர் வீரசின்னம்மாள். எட்டாம் வகுப்பு.

"ஏன் லேட்டு?"

"பூ எடுத்துட்டு வாரேன் சார்."

"அப்பப் பூவே எடு, போ."

மூன்று பேரையும் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் பையன்கள் இருவரும் எட்டே முக்காலுக்கே கேட்டருகில் நின்றார்கள். அதன்பின் ஒரு பிள்ளைகூட லேட்டாக வரவில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்களோ, பறித்த பூவை யார் கட்டினார்களோ, அதெல்லாம் மாசிலாமணிக்குத் தெரியாது. மணி அடிக்கும்போது வகுப்பு நிறைந்திருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீரசின்னம்மாள் மட்டும் வரவில்லை.

முதல் வாரக் கடைசியில் அவர் ரெஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். ஒரு அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை. புதுமணப் பெண்ணின் பட்டுப்புடவை மாதிரி வைத்திருந்தார்.

ஜெயசீலி ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க இன்னும் அட்டெண்டன்ஸ் எடுக்கல சார்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. தன் குரல் எட்டவில்லைபோல என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வாரம் பக்கத்து வகுப்புக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"இன்னும் எடுக்கல."

பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்.

"இன்னும் எடுக்கல சார்."

ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டார். அதில் ஒரு நல்லது நடந்தது. யாருக்குக் கண் சிவந்திருக்கிறது, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் தன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு பையனிடம் நீட்டினார். பழைய பள்ளிக்காரர்கள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

ஜெயசீலி அதைக் கவனித்தார். ஆனாலும் சாயங்காலம் அதே பதில்தான்.

"இன்னும் இல்ல சார்."

இப்படியே இருபத்தொன்பது பள்ளி நாள் போயிற்று.

தொடர்ந்து முப்பது நாள் வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது அந்தப் பள்ளியின் நெடுநாள் வழக்கம். அடித்துவிட்டால் அந்த வருஷம் அதோடு போயிற்று. பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பே போயிற்று என்று அர்த்தம். அப்படி அடிக்கப்பட்டுத் திரும்பி வந்த பெண் வேலம்பாறையில் இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மாசிலாமணி ரெஜிஸ்டரையும் சிவப்புப் பேனாவையும் கொண்டுபோய் மேசையில் வைத்தார். நாளைக்கு ஒரு பெயரை எடுக்கவேண்டியிருக்கிறது என்றார். நிமிர்ந்து பார்த்த அந்த முகம் அவரை விட்டுப் போகவில்லை. வழக்கம் வழக்கம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜெயசீலி ரெஜிஸ்டரைத் திறந்தார். அன்றைய தேதிக்குக் கீழே, பதினேழாவது வரியில் இருந்த ஆப்சென்ட்டை ஆள்காட்டி விரலால் அழுத்தித் தேய்த்தார். விரலைத் தூக்கிக் காட்டினார்.

விரலில் மை ஒட்டவில்லை. காலையில் போட்டதென்றால் அதில் அதிசயமில்லை.

பிறகு பக்கத்தில், மறுநாளுக்கான கட்டத்தைக் காட்டினார். இன்னும் விடியாத நாள். அங்கேயும் பதினேழாவது வரியில் ஓர் ஆப்சென்ட் காய்ந்து கிடந்தது.

மாசிலாமணி சிரித்து மழுப்பினார். நேரத்தை மிச்சம் பிடிக்கத் திங்கட்கிழமையே அந்த ஒரு வரியை வாரம் முழுக்கப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"அப்பக் கூப்பிடும்போது?"

"பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு. வராத பிள்ளையை எதுக்கு டீச்சர் கூப்பிடணும்?"

ஜெயசீலி சிவப்புப் பேனாவை மூடினார். ரெஜிஸ்டரையும் மூடி, இரண்டையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

முப்பதாம் நாள் காலை.

மாசிலாமணி வகுப்பில் பெயர்களைக் கூப்பிட்டார். ஒன்று முதல் பதினாறு வரைக்கும் "உள்ளேன் ஐயா" வரிசையாக வந்தது. பதினெட்டாவது பையன் பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டான்.

அவர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார்.

"வீரசின்னம்மாள்," என்றார்.

முப்பது நாளில் அந்தப் பெயர் அவர் வாயில் வருவது அதுதான் முதல் தடவை.

முப்பத்தேழு தலைகளும் ஒரே நேரத்தில் மேற்கு ஜன்னல் பக்கம் திரும்பின.

அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். ஏன் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அவளுக்குப் பக்கத்து இடம் ஒரு மாதத்துக்கு மேலாகக் காலியாக இருந்தது.

"சார், இங்கன இருந்து கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது. மேக்கால தோட்டத்துல இருக்கா."

மாசிலாமணி ரெஜிஸ்டரைப் பார்த்தார். சேறும் வாழைக்கறையும் படிந்த போன வருஷத்து ரெஜிஸ்டர் நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்த அந்தப் பக்கமும்.

ரெஜிஸ்டர் எப்படி மழையில் நனையும்? அது அறைக்குள்ளேயே இருந்திருந்தால்?

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தார். கேட் சாத்தியிருந்தது. தான் சாத்திய கேட்டைத் தானே திறந்தார்.

தோட்டம் அரை மைல். வரப்பில் நடந்து பழக்கமில்லாத கால். இரண்டு இடத்தில் வழுக்கினார். வேட்டியெல்லாம் சேறு.

பூ வண்டி போய்விட்டிருந்தது. நாலைந்து பேர் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் குனிந்திருந்தவள் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அவளுடைய அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பெயர் ஒய்யப்பன். கோபமாகப் பேசுவார் என்று மாசிலாமணி எதிர்பார்த்தார். அவர் உட்காரக் கல்லைத்தான் காட்டினார்.

"நான் பிள்ளையை நிப்பாட்டலைங்க சார். எங்க ஹெட்மாஸ்டர் டீச்சர் மூணாம் நாளே வந்து கூப்பிட்டாக. இவதான் மாட்டேன்னுட்டா. பூவே எடுன்னு அனுப்புன சார் வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு ஒரே பிடிவாதம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை டீச்சர் வந்து பாடம் சொல்லிக் குடுத்துட்டுப் போறாக."

"எங்கிட்ட அவங்க சொல்லவே இல்லியே," என்றார் மாசிலாமணி.

"நாங்களும் கேட்டோம். சொல்லிக் கூப்பிட வச்சா அது கூப்பிட்டதாகாதுன்னாக."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமா, சந்தோஷமா, அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கல்லில் உட்காராமல் தோட்டத்தின் நடுவரப்பில் ஏறி நின்றார். ரெஜிஸ்டரைத் திறந்தார்.

நேராகப் பதினேழாவது பெயருக்குப் போகலாம். முப்பத்திரண்டு வருஷம் ஒன்றிலிருந்து ஆரம்பித்த ஆளுக்கு வேறு மாதிரி வராது. வெறும் தோட்டத்தைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"அன்புக்கரசு."

"உள்ளேன் ஐயா."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

வரப்பு நெடுக எட்டாம் வகுப்பு நின்றது. ஒருவர் பின் ஒருவராக, செடியை மிதிக்காமல், அவர் நடந்து வந்த வழியிலேயே வந்திருந்தார்கள். கடைசியில் ஜெயசீலி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

யாரும் அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை.

"இளவேனில்."

"உள்ளேன் ஐயா."

ஒவ்வொரு பெயருக்கும் வரப்பிலிருந்து பதில் வந்தது. களை எடுத்தவர்கள் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு வந்து நின்றார்.

பதினாறு முடிந்தது.

"வீரசின்னம்மாள்."

அவள் களைக்கொத்தைக் கீழே போடவில்லை.

பதினெட்டாவது பையன் வாயை இறுக மூடிக்கொண்டான்.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றினார். பழைய பள்ளியில் வராந்தாவையே காலி செய்த குரல், இப்போது அவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியிருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு தாயி. பூ எடுத்துட்டே வா. கேட் திறந்திருக்கும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பாதத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, முறையாக இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"வீரசின்னம்மாள்."

அவள் களைக்கொத்தை அப்பாவிடம் கொடுத்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். நேராக நின்றாள்.

"உள்ளேன் ஐயா."

தோட்டம் முழுக்கக் கேட்கிற குரல். வரப்பில் நின்ற முப்பத்தேழும் ஓவென்று கத்தின. தண்ணீர் பாய்ச்ச வந்தவரும் சேர்ந்து கத்தினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

மாசிலாமணி அந்தக் கட்டத்தில் காய்ந்து கிடந்த ஆப்சென்ட்டை அடித்தார். மேலே பிரசென்ட் போட்டார். மை கொட்டியது. சேற்று விரல் பட்டுப் பக்கம் பாழாயிற்று. அந்த ரெஜிஸ்டரில் அதுதான் முதல் கறை. அதை இரண்டு கையாலும் தாங்கி, வரப்பைத் தாண்டிக் கொண்டுபோய், வீட்டுப்பாடம் காட்டுகிற பிள்ளைபோல ஜெயசீலியிடம் நீட்டினார்.

அவர் ரெஜிஸ்டரைப் பார்க்கவே இல்லை.

"பதினெட்டைக் கூப்பிடுங்க சார்," என்றார். "ரொம்ப நாழியா காத்திருக்கான்."