தொரை தூக்கிப் போட்ட இரும்பு

டாக்சி லூர்துசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, தன் சமையல்கட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் தரையில் பெரிய எண்ணெய்க் கறை. "தொரை ஞாபகம் வருதா?" என்று சிரித்தார்.

வராமல் இருக்குமா? எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்கு அவருடைய சின்னக் கார்தான் ஆஸ்பத்திரி வண்டி. மலை ஏறும்போது அது முக்கி முனகித் தன் காரை மறிக்கிறது என்று எஸ்டேட் தொரைக்கு ஆத்திரம்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு முன்னாடி பங்களா கேட்டைத் தொடு. இல்லேன்னா என் ரோட்டுல உன் வண்டி ஓடக்கூடாது. என் வண்டியை ஜெயிக்க இந்த மலையில வேற வண்டி ஏதுடா?" என்று லூர்துசாமியிடம் சவால் விட்டார்.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

தொரையின் பழைய கார் பள்ளத்தில் விழுந்து நசுங்கி, ஃபேக்டரிக்குப் பின்னால் கிடந்தது. லூர்துசாமியின் காரைச் செய்த அதே கம்பெனிதான், ஆனால் பெரிய மாடல். "அந்த இரும்பை எவனாவது அள்ளிட்டுப் போங்கடா" என்று தொரையே சொல்லியிருந்தார். லூர்துசாமி அள்ளினார். சமையல்கட்டில் தன் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, பெரிய எஞ்சினின் கிராங்கையும் பிஸ்டன்களையும் அதில் பொருத்தினார்.

ஞாயிறன்று கடைசி வளைவு வரை தொரைதான் முன்னால். வளைவில் பெரிய கார் அகலமாகத் திரும்பியது. சின்னக் கார் உள்பக்கமாகச் சீறி ஏறிக் கேட்டைத் தொட்டது.

"என்னடா எஞ்சின் இது?"

"நீங்க சொன்னது சரிதான் தொரை. உங்க வண்டியை ஜெயிக்க வேற வண்டி இல்லை. உள்ளே ஓடுறதும் நீங்க தூக்கிப் போட்ட உங்க வண்டிதான்."

லயமே சிரித்தது. தொரையால் ரோட்டை மூட முடியவில்லை. என் மகள் ஆஸ்பத்திரியில் பிறந்தாள்.

அந்தச் சமையல்கட்டில் இப்போது வேறொரு குடும்பம் சமைக்கிறது. கறை இன்னும் போகவில்லை.