பூம்பொழிலின் காவலன்

முன்னொரு காலத்தில், மேகங்கள் தாழ்ந்து நடக்கும் ஒரு நாட்டில், தான் கண்ட கனவை விடிந்ததும் கட்டிப் பார்த்துவிடத் துடிக்கும் ஓர் அரசர் இருந்தார். ஒருநாள் அவர் கனவில் ஒரு சோலை வந்தது. மரங்களுக்கு நடுவே வீடுகள், வீடுகளுக்கு நடுவே வாய்க்கால். வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினால், தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகும். விழித்ததும் அரசர் உப்பரிகையில் நின்று தலைநகரைப் பார்த்தார். கோட்டைக்குள் கூரையோடு கூரை ஒட்டிக்கொண்டு, காற்று நுழையக்கூட இடமில்லாமல் குடிகள் நெருங்கிக் கிடந்தார்கள். கிழக்கே இருந்த மேட்டு நிலத்தில் அந்தக் கனவை ஊராக எழுப்பும்படி அன்றே ஆணையிட்டார்.

வாய்க்காலுக்கு நீர் தர ஓர் ஏரி வெட்டுவதற்கு, ஊரே திரண்டு வரவேண்டும் என்று முரசறைந்தார்கள். குடியேறப் போகிறவர்கள் அத்தனை பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். சில ஆண்டுகளில் புன்னையும் இலுப்பையும் நிழல் விரித்தன. காலைப் பனி ஏரியிலிருந்து எழுந்து, தெரு வழியாக மெல்ல நடந்து, தோப்புக்குள் போய் மறையும். பார்க்கிறவர்களுக்கு, இது ஊர்தானா, இல்லை இன்னும் அரசர் உறங்கிக்கொண்டுதான் இருக்கிறாரா என்று சந்தேகம் வரும். ஊருக்குப் பூம்பொழில் என்று பெயர் வைத்தார்கள்.

பிறகுதான் அரசரைக் கவலை பிடித்தது. கட்டியாயிற்று, தனக்குப் பின் இந்த ஏரியையும் தோப்பையும் காப்பது யார்? சபையில் கேட்டார். கட்டுமானங்களுக்குப் பொறுப்பான அதிகாரி வீரசேகரர் எழுந்து, அவற்றைத் தன் வம்சத்துக்கு எழுதிக் கொடுத்தால் பிள்ளை, பேரன் என்று வழிவழியாகக் காப்பார்கள் என்றார். அந்தத் தோப்பில் தனக்கொரு மாளிகை எழுப்ப அவர் முன்பே இடம் பார்த்து வைத்திருந்தார்.

சபையின் விகடகவி இளநாகர் மெதுவாக வாய் திறந்தார். இனிமேல் துணி துவைக்கப் போகிற பெண்கள் முதலில் அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டவேண்டுமோ என்று கேட்டார். சபை சிரித்தது. வீரசேகரரின் முகம் கறுத்தது.

"அரசே, என் வம்சம் போதாதென்றால் விகடகவியே ஒரு காவலனைக் கொண்டுவரட்டும். அவன் இறவாதவனாக, உறங்காதவனாக, ஊரைவிட்டு ஒருபோதும் நீங்காதவனாக இருக்கவேண்டும். முடியாவிட்டால் ஏரியும் தோப்பும் எனக்கு. அவர் நாட்டைவிட்டுப் போகட்டும்."

விசித்திரமான எதுவும் அரசருக்குப் பிடிக்கும். பௌர்ணமிவரை தவணை கொடுத்துவிட்டார்.

இளநாகர் சபையில் புன்னகையோடுதான் நின்றார். வெளியே வந்தபோது நாவை அடக்கியிருக்கலாம் என்று தோன்றியது. தான் நாடு கடத்தப்படுவது ஒருபுறம் இருக்க, தன் ஒரு வாக்கியத்தால் ஓர் ஊர் தன் ஏரியை இழக்கப் போகிறதே என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. அந்த ஊரையாவது ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பூம்பொழிலுக்கு நடந்தார்.

பகல் உச்சிக்கு ஏறியிருந்தது. இலுப்பைப் பூக்கள் காற்றில்லாமலே உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த வாசனையில் மனம் தளர்ந்து, ஒரு மரத்தடியில் சாய்ந்து கண்ணயர்ந்தார். சலசலப்புக் கேட்டு விழித்தபோது, புதிதாக நட்ட கன்றை ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பதறி எழப்போனார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு கிழவர் வந்து ஆட்டை விரட்டினார். வாய்க்கால் ஓரம் நின்ற ஒரு பெண் முள்ளை எடுத்து வந்து கன்றைச் சுற்றி அடைத்தாள். அவள் பெயர் காத்தாயி. கன்று யாருடையது என்று கேட்டார் இளநாகர். யார் நட்டதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீங்க படுங்க சாமி," என்றாள் அவள். "அதெல்லாம் ஊரு பாத்துக்கும்."

இளநாகர் படுக்கவில்லை. அந்தச் சொல்லையே வாய்க்குள் உருட்டிக்கொண்டு, பொழுது சாயும்வரை ஏரிக்கரையில் நடந்தார்.

பௌர்ணமியன்று சபைக்குத் தனியாக வந்தார். காவலன் எங்கே என்று கேட்டார் வீரசேகரர்.

"கிடைத்துவிட்டான். ஆனால் ஊரைவிட்டு ஒருபோதும் நீங்காதவன் எப்படி இங்கே வருவான்? அரசர்தான் அங்கே எழுந்தருளவேண்டும்."

அரசருக்கு அப்போதே உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. யானை புறப்பட்டது, சபையும் பின்னால் போனது. பூம்பொழிலின் ஏரிக்கரையில் இளநாகர் ஏறி நின்று, "ஊரே" என்று உரக்க அழைத்தார். வீடுகளிலிருந்தும் தோப்பிலிருந்தும் துறையிலிருந்தும், "என்னங்க?" என்று ஒரே குரல் வந்தது. மக்கள் வந்து கரையோரம் நின்றார்கள்.

இவன்தான் காவலன் என்றார் இளநாகர். இவனில் ஒரு கிழவர் கண்மூடுகிற வேளையில் வேறொரு வீட்டில் தொட்டில் கட்டுகிறார்கள். ஆகவே இவனுக்குச் சாவில்லை. ஊர் அடங்கிய பின்னும் ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், ஒரு குயவர் சூளைக்கு விறகு தள்ளிக்கொண்டிருப்பார். ஆகவே இவனுக்கு உறக்கமில்லை. சந்தைக்குச் சிலர் போனாலும் வீட்டில் சிலர் இருப்பார்கள். ஆகவே இவன் நீங்குவதுமில்லை.

வீரசேகரர் குறுக்கிட்டார். "நான் கேட்டது ஒருவனை. இவர்கள் பலர்."

"ஏரி வெட்ட ஆள் வேண்டியபோது நீங்கள் அழைத்ததும் ஊரைத்தான். அன்று மண் சுமக்கையில் ஒன்றாக இருந்த ஊர், இன்று தண்ணீரை உரிமையாகக் கேட்கையில் மட்டும் பலவாகிவிட்டதா?"

முதலில் காத்தாயிதான் சிரித்தாள். பிறகு யானைமேல் இருந்த அரசர், அம்பாரி குலுங்கும்படி சிரித்தார். கீழே இறங்கி, ஏரியும் தோப்பும் என்றென்றும் ஊருக்கே உரியவை, விற்கவோ பிரிக்கவோ எவருக்கும் அதிகாரமில்லை என்று அறிவித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி இளநாகர் கழுத்தில் போட்டு, வாய்க்கால் ஓரம் ஒரு மனையும் கொடுத்தார். வீரசேகரரை அவர் தண்டிக்கவில்லை. அடுத்து எழும் சோலையூரில் இவரும் குடியேறி மண் சுமக்கட்டும், அப்போது இவரும் ஊராகிவிடுவார் என்று சொல்லி, மறுபடியும் சிரித்தார்.

சிரித்துக் களைத்த அரசர், புன்னை நிழலில் சற்று உட்காருகிறேன் என்றார். உட்கார்ந்தவர் அப்படியே உறங்கிப் போனார். மெய்க்காவலர்கள் வேலோடு சுற்றி நிற்க வந்தார்கள். காத்தாயி உதட்டில் விரலை வைத்து அவர்களைத் தள்ளிப் போகச் சொன்னாள். ஊர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கியது. அரசர்மேல் பூ உதிர்ந்துகொண்டே இருந்தது.