தாலாட்டில் வளர்ந்த சோளம்

மலையடிக் காட்டில் ஒரு குளம். அதன் கரையில் முயல் மாரப்பனும் வெள்ளெலி காத்தாயியும் அடுத்தடுத்துச் சோளம் விதைத்திருந்தன.

சித்திரை பிறந்ததும் பெய்த ஒரே மழையை நம்பிய விதைப்பு அது. பத்து நாளில் இரண்டு வயலிலும் விரல் உயரத்துக்குப் பயிர் எழுந்தது. காடே இலுப்பைப்பூ வாசத்தில் சொக்கிக் கிடந்தது. மாரப்பனுக்குச் சொல்லவா வேண்டும்! அது எப்போதும் அரைக்கண் மூடிய ஆசாமி. ஆடிக்குள் அதன் மனைவி பூவாயிக்குக் குட்டிகள் பிறந்துவிடும். ஆடியில் அந்தக் காட்டில் புல் கிடைக்காது. பால் கொடுப்பவளுக்கு இந்தச் சோளம்தான் சாப்பாடு.

மழைக்குப் பின்னால் வெயில் ஏறியது. மத்தியானத்தில் வயலின் மேல் கானல் மெல்ல மெல்ல அசைந்தது. சோள இலைகள் சுருண்டன.

"ஐயோ, என் கண்ணுங்களா! நாக்கு வறண்டு போச்சா?"

மாரப்பன் தாமரை இலையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது. தினமும் ஊற்றியது. ஊற்றிவிட்டுத் தாலாட்டும் பாடியது. பாடிக்கொண்டே அதுவும் தூங்கிப்போகும். கனவில் சோளம் மரத்துக்கு மேலே வளரும். அதன் நிழலில் குட்டிகள் உருண்டு விளையாடும். கதிர்கள் தாமாகவே குனிந்து அவற்றுக்கு ஊட்டும். மாரப்பன் தூக்கத்திலேயே சிரிக்கும்.

பக்கத்து வயலில் இலைகள் சுருண்டபடியே இருந்தன. காத்தாயி வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தது.

"காத்தாயி! உனக்கு மனசா, கல்லா? பச்சப்புள்ளைங்க வாடுது, குந்திக்கிட்டு வேடிக்கை பாக்குறியே!"

"வாடட்டும். இந்தப் பருவத்துல இருபது நாள் எலிங்க நாங்க பயிரைக் காயப் போடுவோம்."

"எதுக்கு?"

"நான் மண்ணுக்குள்ள குடியிருக்கிறவ. வேரைக் கண்ணால பாக்குறேன். மேல ஈரம் இல்லைன்னா அது தண்ணியைத் தேடிக் கீழ இறங்கும். உன் பயிரோட வேர் விரல் ஆழத்துலயே சுகமா படுத்துக் கிடக்கு, மாரப்பா!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்! குளத்துக்கு நடக்க உனக்குச் சோம்பல், அதைச் சொல்லு!"

காத்தாயி வரப்பிலேயே உட்கார்ந்திருந்தது. வேறென்ன செய்யும்?

வைகாசியில் மாரப்பனின் வயலைப் பார்க்க மான்கள்கூட வந்து நின்றன. அப்படி ஒரு கரும்பச்சை! காத்தாயியின் பயிர் அதில் பாதி உயரம்தான். பிறகு ஒரு கோடை மழை பெய்தது. காத்தாயியின் பயிரும் கிடுகிடுவென்று எழுந்தது. ஆனியில் இரண்டு வயலிலும் கதிர் தள்ளியது. பூவாயிக்கு நான்கு குட்டிகள் பிறந்தன.

ஆடி பிறந்ததும் கணவாய் வழியாகக் காற்று வந்தது. அம்மியே நகரும் என்பார்களே, அந்தக் காற்று. மூன்று நாள் ஓயவில்லை.

நான்காம் நாள் மாரப்பன் வெளியே வந்து பார்த்தது. அதன் வயல் முழுவதும் வேரோடு சாய்ந்து காய்ந்து கிடந்தது. மணிகளில் இன்னும் பால்கூடப் பிடிக்கவில்லை. பக்கத்து வயல் வளைந்து வளைந்து நிமிர்ந்து நின்றது.

"குட்டிங்க பசியில கத்துது. எனக்குப் பால் சுரக்கலைங்க," என்றது பூவாயி.

மாரப்பன் தேம்பித் தேம்பி அழுதது. காத்தாயி மெதுவாகப் பக்கத்தில் வந்தது.

"நான் எவ்வளவு பாசமா வளர்த்தேன்! நீ ஒரு சொட்டுத் தண்ணி காட்டலையே, காத்தாயி! உன்னுது நிக்குதே!"

"பாசம் எனக்கு இல்லைன்னா நினைச்சே? இலை சுருளும்போதெல்லாம் கால் தானா குளத்துப் பக்கம் திரும்பும். என்னை நானே பிடிச்சு உக்கார வச்சுக்கிட்டு அழுவேன். இருபது நாளும் அழுதேன், மாரப்பா!"

காத்தாயி பூவாயியின் பக்கம் திரும்பியது.

"பூவாயி, நீ வா! கதிர் முத்துற வரைக்கும் என் வயல்ல தோகையைத் தின்னு. அப்புறம் கதிரைத் தின்னு. உனக்குப் போக மிச்சம் எனக்குப் போதும்."

பூவாயி குட்டிகளை அழைத்துக்கொண்டு அந்த வயலுக்குள் போனது.

பயிரோ பிள்ளையோ, வேர் பிடிக்கிற வயதில் கொஞ்சம் வாடத்தான் வேண்டும். அதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்வதும் பாசம்தான்.