முள் பன்னிரண்டுக்கு வரும்போது

“கேட்ட வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் சொன்னேன் மேடம். லோடு, ட்ரிப், ஃப்ரீக்வென்சி, ஒண்ணு விடல. அப்புறமும் எதுக்கு ரெண்டு தடவை ஃபெயில் போட்டீங்க?”

சங்கரபாண்டிக்கு நாற்பத்தேழு வயது. அந்த மலையடிவார நீர்மின் நிலையத்தில் பதினெட்டு வருஷம் எண்ணெய்க் கையோடு மல்லுக்கட்டியவர். கண்ட்ரோல் ரூம் நாற்காலிக்கு இன்று மூன்றாவது தேர்வு. தவறினால் ரிட்டயர்மென்ட் வரைக்கும் பம்பு ரூம்தான்.

தேர்வு வைப்பவர் ஷிப்ட் என்ஜினியர் ரெஹானா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

“சிங்க்ரனைஸ்னா என்ன?”

“சுத்துற மெஷினை, ஊருக்குக் கரண்ட் போற லைனோட சேக்கிறது. இந்த முள் மெதுவா பன்னிரண்டுக்கு வரணும். அப்பதான் சுவிட்சைப் போடணும்.”

“மாத்திப் போட்டா?”

“மெஷினோட ஷாஃப்டே முறுக்கிக்கும்.”

மனிதர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

“வாங்க.”

பேனலில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரே முள். கீழே இரண்டாம் நம்பர் மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. முள் விறுவிறுவென்று ஓடியது.

“போடுங்க” என்றார் ரெஹானா.

போன இரண்டு தடவையும் இதேதான். இவர் கையை நீட்டினார். ரெஹானா மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, “போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம் கை மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து, மனிதர் வீட்டு மிக்சி சுவிட்சில் வேகம் பழகினாராம். கொடுமையே!

இன்றும் கை போனது. பாதியில் நின்றது. காலுக்கடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த மெஷினின் பேரிங்கைப் பதினெட்டு வருஷம் துடைத்த கை அது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“போடமாட்டேன் மேடம். முள் ஓடுது.”

“நான் சொல்றேன். போடுங்க.”

போச்சு, நாற்காலி போச்சு.

“நீங்க சொன்னாலும் மாட்டேன். நான் பம்பு ரூமுக்கே போறேன்.”

ரெஹானா போனை எடுத்து, லைனைக் கவனிக்கிற ஆபீசைக் கூப்பிட்டார்.

“ரெண்டாம் நம்பர் மெஷின் லைனுக்கு வருது. யாரா? சங்கரபாண்டி சார் ஏத்துறார்.”

இவர் திருதிருவென்று விழித்தார்.

“மேடம், நான் உங்க பேச்சைக் கேக்கலையே?”

“முன்னாடி ரெண்டு தடவை கேட்டீங்க.”

சங்கரபாண்டி மெஷினின் வேகத்தைத் துளித்துளியாய்க் குறைத்தார். முள் ஆடி அசைந்து பன்னிரண்டுக்கு வந்தது. சுவிட்சைத் திருப்பினார்.

இந்தத் தடவை அவர் கையை யாரும் பிடிக்கவில்லை.