தித்தன் கிள்ளிய கொம்புப்பூ

மலைகளுக்கெல்லாம் பேர் வைத்து முடிக்காத காலத்தில், பெரியவர்களே, பொடிசுகளே, பனிக்குன்றம் என்ற நாட்டை ஓர் அரசி ஆண்டாள். குளிரென்றால் அப்படியொரு குளிர். அரசிக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். தண்டித்தாலும் தும்மல், மன்னித்தாலும் தும்மல்.

அரண்மனைத் தோட்டத்தில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். தித்தன் மூத்தவன். மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டிச் செடி வைப்பான். வெண்ணி இளையவள். சட்டி, பானை, வாய் உடைந்த குடம், எது கிடைத்தாலும் அதில் மண்ணைப் போட்டு வளர்ப்பாள்.

தித்தனுக்கு வயிறு கொள்ளாத பொறாமை. வெண்ணி சிரித்தால் எரியும். வெண்ணி பாடினால் எரியும். வெண்ணி சும்மா நின்றால், 'அதெப்படி இவள் சும்மா நிற்கலாம்?' என்று அதற்கும் எரியும்.

ஒருநாள் தூரதேசத்து வணிகன் ஒருவன் அரசிக்கு ஒரு முடிச்சு விதை கொண்டுவந்தான். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"கொம்புப்பூ, தாயே! ஐந்து இதழ், நடுவிலே பூனைமீசை போலக் கோடு, முதுகுப்பக்கம் ஒரு குட்டிக் கொம்பு. ஊதாவும் வரும், மஞ்சளும் வரும். குளிர் இருந்தால்தான் சிரிக்கும்" என்றான்.

அரசி இருவரையும் கூப்பிட்டாள்.

"ஆளுக்குப் பாதி விதை. நாலாம் பௌர்ணமியன்று யார் பூ அழகோ... ஹச்! அவர் தோட்டத் தலைவர். தோற்றவர் ஆயுசுக்கும்... ஹச்! ஜெயித்தவருக்குக் கீழே வேலை."

தித்தனுக்கு மூச்சே நின்றுவிட்டது. வெண்ணிக்குக் கீழேயா? அவள் 'அண்ணே, தண்ணி எடுத்துட்டு வாங்க' என்பாள். இவன் எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமா?

உடனே வேலையை ஆரம்பித்தான். வெயில் நன்றாக விழும் இடத்தில் பாத்தி கட்டினான். சூடு ஆறாத சாணத்தைக் கொட்டினான். விதையை மண்மேல் அப்படியே தூவிவிட்டு, தினமும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் தெளித்தான். "என் ராசாக்கள் நடுங்கக் கூடாது" என்று கொஞ்சினான்.

வெண்ணி முப்பது சட்டிகளில் சலித்த மண்ணை நிரப்பினாள். விதையை இட்டு, மேலே மெல்லிசாக மண் தூவினாள். வரிசையாக அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழும்பியது. தித்தன்!

'முப்பது சட்டியா? அடிப்பாவி!' என்று சுவர் ஏறிக் குதித்தான். 'வெளிச்சம் இல்லாட்டி எந்த விதை முளைக்கும்? செத்துத் தொலையட்டும்!' ஒரு கறுப்புக் கம்பளியை நனைத்துச் சட்டிகளின்மேல் இழுத்துப் போர்த்தினான்.

வெண்ணி திரும்பி வந்து பார்த்தாள். "அடடே, யாரோ நல்ல மனசுக்காரங்க. குளிருமேன்னு போர்த்தி விட்டிருக்காங்க!" என்று அப்படியே விட்டுவிட்டாள்.

கொம்புப்பூ விதைக்கு இருட்டுத்தான் பிடிக்கும். அது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பன்னிரண்டாம் நாள் கம்பளியைத் தூக்கினால், சட்டிக்குச் சட்டி பச்சைப் பச்சையாக எட்டிப் பார்த்தன. தித்தன் பாத்தியில் விதைகள் சூட்டில் வெந்து, ஏழே ஏழு முளைத்தன.

தித்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெண்ணி நாற்றுகளை அடுப்பங்கரைச் சுவரோரம் கதகதப்பாக வைத்தாள். தித்தன் விடுவானா? அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, முப்பது சட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து, காற்று அறையும் பாறைமேல் கொண்டுபோய் வைத்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. 'பிடிக்கட்டும்! விறைச்சுச் சாகட்டும்!'

வெண்ணி தேடி வந்தாள். "யாருன்னே தெரியலையே, இத்தனையும் தூக்கிட்டு வந்து நல்ல காத்துல வச்சிருக்காங்களே!" என்று அங்கேயே தண்ணீர் விட்டாள்.

கொம்புப்பூ நாற்றுக்குச் சூடு ஆகாது. குளிர்க் காற்றில்தான் தண்டு தடிக்கும். பாறைமேல் நின்றவை குட்டையாக, குண்டாக நிமிர்ந்தன. தித்தன் பாத்தியில் இருந்தவை நூல்போல நீண்டு சாய்ந்தன. அவனுக்கு அவற்றை நிமிர்த்திக் கட்ட நேரமேது? பகலெல்லாம் சுவர்மேல் அல்லவா இருந்தான்!

மூன்றாம் பௌர்ணமிக்குச் சட்டிகளில் மொட்டு வந்தது. தித்தன் கண்ணில் ரத்தம் வராத குறை. ஓடினான். நகத்தால் ஒவ்வொரு நுனியையும் மொட்டோடு கிள்ளிப் போட்டான். முப்பது சட்டி, ஒன்று பாக்கியில்லை.

இந்தத் தடவை வெண்ணி உட்கார்ந்து அழுதேவிட்டாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தாள். "போர்த்தினவங்க, தூக்கினவங்க, அவங்களேதான் கிள்ளியிருக்கணும். காரணம் இல்லாமலா செய்வாங்க?" என்று மறுபடி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள்.

கிள்ளிய இடத்திலெல்லாம் இரண்டு கிளை வந்தது. கிளைக்கு நாலு மொட்டு வந்தது. நாலாம் பௌர்ணமிக் காலையில் சட்டி தெரியவில்லை, மண் தெரியவில்லை, ஊதாவும் மஞ்சளுமாகப் பூதான் தெரிந்தது.

தித்தன் பாத்தியில் மூன்று தண்டு. பூ ஒன்று. அதுவும் தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

"இதில் யோசிக்க என்ன... ஹச்! வெண்ணிதான் தலைவி" என்றாள் அரசி, இரண்டையும் பார்த்துவிட்டுச் சபைக்குத் திரும்பியதும்.

வெண்ணி கைகூப்பினாள். "இல்லீங்க தாயே. விதைச்சதும் தண்ணி விட்டதும் மட்டும்தான் நான். ஒருத்தர் கம்பளி போர்த்தினார், பாறைக்குத் தூக்கினார், நுனி கிள்ளினார். அதனாலதான் இத்தனை பூ. பதவி அவருக்குத்தான் சேரணும்."

"யார் அது? முன்னே வரலாம்."

தித்தன் தன் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான். அப்போது அரண்மனைச் சமையல்காரன் பண்ணன் தொந்தியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"ஹி ஹி... சொல்ல வேண்டாம்னு இருந்தேன், தாயே. அடியேன்தான். கை சும்மா இருக்காது பாருங்க!"

அரசி தலையாட்டினாள். "அப்படியானால் பண்ணன்தான் தோட்டத்... ஹச்!"

தும்மல் முடிவதற்குள் தித்தனுக்கு உச்சந்தலை வெடித்துவிட்டது. வெண்ணிக்குப் போனாலே தாங்காதவன். கொத்தமல்லிக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத இந்தப் பண்ணனுக்கா?

"பொய்! பச்சைப் பொய்!" என்று குதித்தான். "அது என் கம்பளி! தூக்கினது என் இடுப்பு! கிள்ளினது இந்த நகம்! எல்லாம் நான்! நான்!"

"நீயா? எதற்காகச் செய்தாய்?"

"செத்துத் தொலையட்டும்னுதான்!"

சொன்ன பிறகுதான் அவன் காதுக்கே அது கேட்டது. வாயைப் பொத்தினான். சபை முதலில் திகைத்தது, அப்புறம் சிரித்த சிரிப்பில் தூணெல்லாம் அதிர்ந்தது. பண்ணன் நைசாகச் சமையலறைப் பக்கம் நழுவினான்.

"கை நல்ல கை, மனசுதான்... ஹச்! அழுகல்" என்றாள் அரசி. "தலைவி வெண்ணி. தித்தா, நீ அவளுக்குக் கீழே. ஒவ்வொரு வருஷமும் போர்த்து, தூக்கு, கிள்ளு."

தித்தன் தலைகுனிந்து நின்றான். வெண்ணி திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அவளோ கிட்டே வந்து சொன்னாள்: "அண்ணே, நீங்கதானா? நன்றி சொல்லணும்னு நாலு மாசமா உங்களைத்தாண்ணே தேடிக்கிட்டு இருந்தேன்."

ஆகவே கேட்டவர்களே, அடுத்தவர் செடி வாட வேண்டும் என்று படுகிற பாட்டை நம் செடி வாழ வேண்டும் என்று பட்டால், தலைகுனிந்து நிற்க வேண்டிய நாள் நமக்கு வராது.